எண்ணூர் விளக்குகளும் நத்தைக்குள் இருக்கும் புழுவும்

எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் இரவு பத்து மணிக்கு மேல் போனாலும் டார்ச் லைட் தேவைப்படாது. வடக்கே காமராஜர் துறைமுகம், அதைத் தாண்டினால் காட்டுப்பள்ளி. மேற்கே வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூரும். தென்மேற்கே மணலி. கிழக்கே கடலில், முறை வருவதற்காக நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்கள். எல்லாம் விடிய விடிய எரிகின்றன. இத்தனைக்கும் நடுவில்தான் கொசஸ்தலை ஆறு சேற்றுத் திட்டுகளைச் சுற்றிக்கொண்டு கடலில் போய்ச் சேர்கிறது.

எண்ணூர் என்றதும் நாம் பேசுவது சாம்பல், எண்ணெய், வெந்நீர், அமோனியா. நியாயம்தான். 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் ஆற்றில் இறங்கி, படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாவற்றிலும் படிந்தது. அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்து நள்ளிரவில் ஊரே தெருவுக்கு ஓடிவந்தது. இந்த வரிசையில் விளக்கு வெளிச்சத்தையும் ஒரு மாசு என்று சேர்த்தால், "உனக்கு வேற வேலை இல்லையா?" என்றுதான் கேட்பார்கள்.

ஆமைக்குஞ்சு விஷயத்தில் மட்டும் நாம் இதை ஏற்றுக்கொண்டுவிட்டோம். முட்டையிலிருந்து வெளிவரும் பங்குனி ஆமைக்குஞ்சு கடலின் மங்கிய ஒளியைப் பார்த்து இறங்குவதற்குப் பதில் தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுக்கு ஏறிவிடும் என்பது சென்னையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது கண்ணுக்குத் தெரியும் பாதிப்பு. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேறொன்று நடக்கிறது. கழிமுகத்து நத்தை, மீன், இறால், பறவை என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி வாழும் ஒட்டுண்ணிகளுக்கு இரவும் பகலும்தான் கடிகாரம். அந்தக் கடிகாரத்தை விளக்கு குழப்புகிறது. குழப்பினால் நோய் கூடும் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட முடியாது. சில ஒட்டுண்ணிக்கு அது லாபம், சிலவற்றுக்கு நஷ்டம். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

ஒட்டுண்ணி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். வடசென்னைக்காரர்கள் அதைப் பார்க்காதவர்கள் இல்லை. காசிமேட்டில் காலையில் காணாங்கத்தை வாங்கி, செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். எல்லா மீனிலும் இருக்காது. ஏதாவது ஒன்றில், சிவந்த செவுளை அடைத்துக்கொண்டு, வெளிறிய நிறத்தில், கட்டை விரல் நகத்தளவில், அடுக்கடுக்கான ஓட்டோடு ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கும். இறால், நண்டு இனத்தோடு உறவுள்ள ஐசோபாட் அது. காணாங்கத்தையில் வருவதற்கு நோரிலெக்கா இண்டிகா என்று பெயர். அதன் கால்நுனிகள் கொக்கி மாதிரி வளைந்து சதையில் பிடித்திருக்கும். இழுத்தால் லேசில் வராது. மீன் விற்கும் அம்மாவிடம் காட்டினால், "அது பூச்சி கண்ணு, கழுவுனா போயிடும். மீனு புதுசு, எடுத்துக்க" என்பார். அவர் சொல்வது சரி. அது மனிதரைத் தொற்றாது. சுத்தம் செய்து நன்றாக வேகவைத்த மீனில் பயப்பட ஒன்றும் இல்லை.

இந்தப் பூச்சி மீனுக்குள்ளேயே பிறப்பதில்லை. தாயிடமிருந்து வெளியேறிய குஞ்சு நீரில் நீந்தித் தனக்கொரு மீனைத் தேடிப் பிடிக்க வேண்டும். பல ஒட்டுண்ணிகளின் கதை இதுதான். வாழ்நாளில் ஒரு சிறு பகுதியை வெளியே, யாருடைய உடம்பிலும் இல்லாமல், நீரில் தனியாகக் கழித்தாக வேண்டும். அந்த நேரத்தில்தான் வெளிச்சம் அதைத் தொடுகிறது.

இனி நத்தைக்கு வருவோம். நீர் வற்றும் நேரத்தில் எண்ணூர், பழவேற்காடு சேற்றுத் திட்டுகளில் கால் வைக்க இடமில்லாமல் பரவிக் கிடக்கும் சின்னஞ்சிறு கூம்பு நத்தைகளைப் பார்த்திருப்பீர்கள். வரிவரியாக மணி கோத்த மாதிரி முடிச்சுகள் உள்ள, பழுப்பும் சாம்பலும் கலந்த ஓடு. அறிவியல் பெயர் பிரெனெல்லா சிங்குலாட்டா. பழைய புத்தகங்களில் செரிதிடியா என்று இருக்கும். சேற்றின் மேல் படிந்த பாசியைத் தின்று வாழும், யாரும் விலை வைக்காத உயிர். ஒட்டுண்ணி ஆய்வாளர்களுக்கோ அது புதையல். இதே நத்தையிலிருந்து குவைத் விரிகுடாவில் பல வகைத் தட்டைப்புழுக்களின் இளம்பருவங்களை எடுத்து விவரித்திருக்கிறார்கள். நம் கிழக்குக் கடற்கரையில் விசாகப்பட்டினத்திலும் அந்த வேலை நடந்திருக்கிறது.

தட்டைப்புழுவின் பயணம் பறவையில் தொடங்குகிறது. நாரை, கொக்கு, ஆலா, உள்ளான், கடற்காக்கை இவற்றின் குடலில் வாழும் புழுவின் முட்டை எச்சத்தோடு சேற்றில் விழும். அதிலிருந்து நத்தைக்குள் நுழையும் குஞ்சு, நத்தையின் இனப்பெருக்க உறுப்பையே தின்று அந்த இடத்தில் குடியேறிப் பெருகும். நத்தை சாகாது. ஊரும், மேயும், வருடக்கணக்கில்கூட வாழும்; ஆனால் முட்டையிடாது. உள்ளே இருக்கும் புழுவுக்காக உழைக்கிற உடம்பாகிவிடும். அதற்குள்ளிருந்து நாள்தோறும் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில், வாலுள்ள நுண்ணிய லார்வாக்கள் நீரில் வெளிவரும். அவற்றுக்குச் செர்க்கேரியா என்று பெயர். அடுத்த வீடு மீனோ, இறாலோ, நண்டோ, மட்டியோ. புழுவின் வகையைப் பொறுத்தது. அதற்குள் புகுந்து கூடு கட்டி உட்கார்ந்துகொண்டு, அதைப் பறவை தின்னும் நாளுக்காகக் காத்திருக்கும்.

செர்க்கேரியாவுக்கு வாய் பேருக்குத்தான். வெளியே வந்த பிறகு அது எதையும் தின்பதில்லை. உடம்பில் சேர்த்து வைத்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து தீரும்வரைதான் ஆயுள்: பெரும்பாலும் ஒரு நாள், போனால் இரண்டு நாள். ஒரு நாள் படிக்காசோடு ஊர் விட்டு ஊர் வந்து இறங்கியவன் அன்றைக்குள் வேலை தேடியாக வேண்டிய நிலைமை அதற்கு. அதனால் எந்த நேரத்தில் வெளியே வருவது என்பது அதற்கு உயிர்ப்பிரச்சினை. தேடுகிற மீன் பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து வர வேண்டும்.

இந்த நேரக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு நன்னீர்ப் புழு ஒன்றுதான் நல்ல சாட்சி. ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் மனிதரைத் தாக்கும் ஷிஸ்டோசோமா மான்சோனி என்ற இரத்தப்புழு, நத்தையிலிருந்து நண்பகலை ஒட்டி வெளிவரும். குளிக்க, துவைக்க மனிதர்கள் தண்ணீரில் இறங்கும் நேரம் அது. குவாதலூப் தீவில் இதே புழுவின் ஒரு வகை எலிகளில் வாழப் பழகியிருக்கிறது. அது மாலையில் வெளிவருகிறது, ஏனென்றால் எலி நீருக்கு வருவது இருட்டும் வேளையில். பிரெஞ்சு ஆய்வாளர்கள் இரண்டு வகையையும் கலப்பினம் செய்து பார்த்து, இந்த நேரம் மரபிலேயே எழுதப்பட்டது என்று நிறுவினார்கள். ஆனால் மரபில் இருக்கும் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். ஆய்வகத்தில் விளக்கு எரியும் நேரத்தையும் அணையும் நேரத்தையும் மாற்றிப் போட்டால், புழு வெளிவரும் நேரமும் மாறிவிடுகிறது.

கடலிலும் இதே கதைதான். நாக்குமீன் போலத் தட்டையாக இருக்கும் ஐரோப்பியச் சோல் மீனின் தோலில் ஒட்டி வாழும் ஒரு புழுவின் முட்டைகள், விடிந்த முதல் சில மணி நேரத்தில்தான் பொரிக்கும். அந்த மீன் இரவெல்லாம் இரை தேடிவிட்டு விடிந்ததும் மணலில் புதைந்து அசையாமல் கிடக்கும் என்பது காரணம். அதே பேரினத்தைச் சேர்ந்த, வேறு மீனைப் பிடிக்கும் இன்னொரு புழு இருட்டத் தொடங்கியதும் பொரிக்கிறது. இன்னும் சில செர்க்கேரியாக்கள் நிழலுக்குத் துள்ளும். மேலே ஒரு நிழல் கடந்தால் மீன் போகிறது என்று பொருள். உடனே நீந்தத் தொடங்கிவிடும்.

இப்போது விளக்கைப் போடுங்கள்.

முதலில், எவ்வளவு வெளிச்சம் என்று பார்க்க வேண்டும். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். முழுநிலவு அதிகம் போனால் 0.3 லக்ஸ். நிலவில்லாத, நகர வெளிச்சம் படாத இரவு 0.001 லக்ஸ் அளவில் இருக்கும். சாதாரணத் தெருவிளக்கின் கீழ் தரையில் பத்து லக்ஸ் சர்வசாதாரணம். மீனின் உடம்பில் இரவை அறிவிக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன், 0.01 லக்ஸ் அளவிலேயே குறைவதைப் பெர்லினில் பெர்ச் மீன்களை வைத்து நடத்திய ஆய்வு காட்டியது. முழுநிலவைவிட மங்கிய வெளிச்சம் அது. மெலடோனினுக்கும் நோய் எதிர்ப்புக்கும் தொடர்பு உண்டு என்பதால், ஒட்டுண்ணிக்கு எதிரான தற்காப்பும் இதில் அடிபட வாய்ப்பிருக்கிறது.

மேகம் இதை மோசமாக்கும். நகர வெளிச்சம் மேகத்தில் பட்டுத் திரும்பும்போது, பெர்லின் நகரத்துக்குள் எடுத்த அளவீட்டில் இரவு வானம் சுமார் பத்து மடங்கு பிரகாசமாகியிருந்தது. நமக்கு இது ஐப்பசி, கார்த்திகை விஷயம். வடகிழக்குப் பருவமழை மேகம் கவிந்திருக்கும் மாதங்களில்தான் வலசைப் பறவைகளும் எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் வந்து இறங்குகின்றன. புழு முட்டை சேற்றில் அதிகம் விழும் காலமும், இரவு அதிகம் வெளுக்கும் காலமும் ஒன்றாக வருகின்றன.

பிளிமத் கடல் ஆய்வகத்தினர் 2021-இல் கடலுக்கடியிலான செயற்கை வெளிச்சத்துக்கு ஓர் உலக வரைபடம் தயாரித்தார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில், உயிர்களைப் பாதிக்கும் அளவு வெளிச்சம் சுமார் 19 லட்சம் சதுர கிலோமீட்டர் கடலோர நீரில் விழுகிறது என்பது அவர்கள் கணக்கு. உலக நாடுகளின் பொருளாதாரக் கடல் எல்லையில் அது 3.1 சதவீதம். சதவீதம் சிறியது மாதிரித் தெரியும். ஆனால் அந்த 3.1 சதவீதம் எங்கே இருக்கிறது? துறைமுகங்களும் கழிமுகங்களும் நகரங்களும் இருக்கும் ஓரத்தில். மீன் குஞ்சு பொரித்து வளர்கிற இடத்தில்.

எண்ணூரில் ஒரு தற்காப்பு உண்டு. தண்ணீர் கலங்கல். சாம்பலும் வண்டலும் கரைந்த நீரில் வெளிச்சம் ஆழம் போகாது. எல்.இ.டி.யின் நீலம் தெளிந்த கடலில்தான் வெகுதூரம் இறங்கும். கழிமுகத்து நீரில் கரைந்திருக்கும் மக்கிய பொருட்கள் நீலத்தை முதலில் உறிஞ்சிவிடும். ஆகவே ஆற்றின் நடுவில் அடியோடு கிடக்கும் மீனுக்கு இந்த விளக்கால் பெரிய தொந்தரவு இருக்காது என்பது என் கணிப்பு. நத்தைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நீர் வற்றிய சேற்றுத் திட்டில், மேலே ஓர் அங்குலத் தண்ணீர்கூட இல்லாமல், விளக்குக்கு நேராக அது கிடக்கிறது. ஒட்டுண்ணித் தொழிற்சாலையே நத்தைக்குள்தான் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், வெளிச்சம் விழக்கூடாத இடத்தில்தான் விழுகிறது.

அதனால் என்ன ஆகும்? நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் ஒட்டுண்ணிகளை ஆராயும் ராபர்ட் பூலின், ஒளி மாசு நீர்வாழ் உயிர்களுக்கும் அவற்றின் ஒட்டுண்ணிகளுக்கும் இடையிலான உறவை எந்தெந்த வழிகளில் மாற்றக்கூடும் என்று 2023-இல் ஒரு கட்டுரையில் அடுக்கினார். அவர் காட்டும் வழிகள் ஒரே திசையில் போவதில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒட்டுண்ணியைக் கூட்டும் வழி ஒன்று. வெளிச்சத்துக்கு மீன் கூடும். இதை நம்மவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. படகில் ஜெனரேட்டர் வைத்து எல்.இ.டி. அடித்து கடம்பாவையும் மீனையும் வாரி எடுப்பதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்ததும், அதற்கு முன்னும் பின்னும் நடந்த சண்டையும் காசிமேட்டில் எல்லோருக்கும் தெரியும். நிலாக் காலத்தில் விளக்கு எடுபடாது, இருட்டில்தான் இழுக்கும் என்பதும் தெரியும். துறைமுகச் சுவரில் எரியும் விளக்கும் அதே வேலையைத்தான் செய்கிறது; யாரும் வலை போடவில்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். மீன் நெருக்கமாகக் கூடும் இடத்தில் ஒட்டுண்ணிக்குத் தேடும் வேலை மிச்சம். மீனின் இரத்தத்தை உறிஞ்சும் நத்தீடு என்ற ஐசோபாட் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில் வேட்டைக்குக் கிளம்புபவை. பவளப்பாறைகளில் அவற்றைப் பிடிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பொறி என்ன தெரியுமா? விளக்கு. ஆக, விளக்கடியில் மீனும் கூடுகிறது, அதைக் கடிப்பதும் கூடுகிறது.

அடுத்து, பறவை. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்தில் பெட்ரோகெமிக்கல் ஆலைகளும் மின்நிலையமும் இருக்கும் கரையோரத்தில், சிவந்த கால்களை உடைய உள்ளான் வகை ஒன்றை ரேடியோ கருவி கட்டிப் பின்தொடர்ந்தார்கள். 2013-இல் முடிவு வெளியானது. ஆலை வெளிச்சம் விழும் சேற்றில் அவை இரவிலும் அதிக நேரம் இரை தேடின. இருட்டில் அலகால் துழாவித் தேடுவதை விட்டுவிட்டு, பகலைப் போலக் கண்ணால் பார்த்துக் கொத்தின. கேட்கும்போதே எண்ணூர் ஞாபகம் வருகிறது. இதே உள்ளான் குளிர்காலத்தில் நம் பக்கமும் வருகிற பறவைதான். கண்ணால் பார்த்துக் கொத்தும் பறவைக்கு எந்த இரை முதலில் சிக்கும்? அசாதாரணமாக நடந்துகொள்வது.

ஒட்டுண்ணிகள் சில, தாம் குடியிருக்கும் உயிரை அப்படித்தான் ஆட்டி வைக்கின்றன. தெற்கு பிரான்சின் கழிகளில் ஆம்பிபாட் என்ற சிறு இறாலொத்த உயிருக்குள் புகும் ஒரு தட்டைப்புழு அதன் மூளையில் கூடு கட்டும். பிறகு அது அடியில் ஒளிந்துகொள்ளாமல் வெளிச்சத்தை நோக்கி மேற்பரப்புக்கு வந்து, கடற்காக்கைக்கு இரையாகும். கலிபோர்னியாவில் கில்லி என்னும் சிறு மீனின் மூளையில் கூடு கட்டும் இன்னொரு புழு, மீனைப் பக்கவாட்டில் புரண்டு மின்னவைக்கும்; அப்படிப்பட்ட மீன்களைப் பறவைகள் 10 முதல் 30 மடங்கு அதிகமாகப் பிடித்ததை 1996-இல் வந்த ஆய்வு காட்டியது. பகலில் மட்டும் எடுபட்ட இந்தத் தந்திரத்துக்கு விளக்கு இரவு ஷிஃப்டும் போட்டுத் தருகிறது.

இதுவரை சொன்னதைப் பார்த்தால் எல்லாம் ஒட்டுண்ணிக்கு லாபம். இனி எதிர்ப்பக்கம்.

அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் சேற்று நத்தை ஒன்று, குறிப்பிட்ட தட்டைப்புழு தொற்றியபின் விசித்திரமாக நடந்துகொள்கிறது. இரவில் நீர் வற்றும்போது கீழே இறங்காமல் கரைமேல் ஏறி மணலில் தங்கிவிடும். புழு அடுத்துப் போக வேண்டிய இடம் கரை மணலில் இரவில் நடமாடும் சிறு தத்துப்பூச்சி போன்ற ஆம்பிபாட் உயிர்களும் நண்டுகளும். புழு நத்தையை ஓட்டிக்கொண்டு போய் அங்கே நிறுத்துகிறது. சிலியில் கரை மணல் ஆம்பிபாட் ஒன்றை வைத்து நடத்திய சோதனையில், இரவில் விளக்கு போட்டால் அது வெளியே வருவதும் தின்பதும் வளர்வதும் குறைந்தது. வேறு கடல், வேறு இனம். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் விஷயம் விளங்கும். நத்தை சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறது. வர வேண்டியவன் விளக்கைப் பார்த்து வளையைவிட்டு வெளியே வரவில்லை. செர்க்கேரியா ஒரு நாளில் செத்துப்போகும்.

வெளிவரும் நேரம் சிதறுவதும் நஷ்டம்தான். ஒரே மணி நேரத்தில் கூட்டமாக வந்து மீனைச் சூழ வேண்டியது, இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக வந்தால் பாதிக்கு மேல் வீண். விளக்கொளியில் கண்ணால் பார்த்து மிதவையுயிர்களை உண்ணும் சிறுமீன்களுக்குச் செர்க்கேரியாவும் தீனி. நீரை வடிகட்டித் தின்னும் சிப்பிகளும் அவற்றை விழுங்கிவிடும். வட ஐரோப்பாவின் வாடன் கடலில், வெளியிலிருந்து வந்து பரவிய பசிபிக் சிப்பிகள் இருக்கும் இடத்தில் உள்ளூர் மட்டிகளில் புழுக்கூடுகள் குறைவாக இருந்தன. இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது காக்கா ஆழி என்ற மட்டி. தென்னமெரிக்காவிலிருந்து வந்து எண்ணூர் ஆற்றின் அடியைப் பாய் விரித்த மாதிரி மூடி, இறாலுக்கும் மட்டிக்கும் இடமில்லாமல் செய்து, மீனவர்களின் கையையும் காலையும் கிழிக்கும் அதுவும் நீரை வடிகட்டித் தின்னும் இனம்தான். அது புழுவைத் தின்று புண்ணியம் கட்டிக்கொள்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆற்றின் கணக்கில் இத்தனை கை கலந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கலந்திருக்கும் கைகளில் பெரியது சூடு. நீரின் வெப்பம் கொஞ்சம் ஏறினாலே நத்தையிலிருந்து வெளிவரும் செர்க்கேரியாவின் எண்ணிக்கை பல மடங்காகப் பெருகும் என்பதை 2006-இலேயே பூலின் பல இனங்களின் தரவுகளைத் தொகுத்துக் காட்டிவிட்டார். அனல்மின் நிலையத்தின் குளிர்விப்பு நீர் வெந்நீராக வந்து சேரும் ஆற்றில், விளக்கைவிட வெந்நீர்தான் முதல் குற்றவாளி என்று ஒருவர் வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் இரண்டும் ஒரே வேலியின் உள்ளிருந்து ஒரே சேற்றுக்கு வருகின்றன. சூட்டால் அதிகம் வெளிவருவதும், வெளிச்சத்தால் நேரம் மாறுவதும், விளக்கடியில் மீன் கூடுவதும் ஒன்றையொன்று பெருக்கலாம், கழிக்கவும் செய்யலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்துவிட்டு எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

நிலத்தில் இதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் வெஸ்ட் நைல் வைரஸ் செலுத்திய சிட்டுக்குருவிகளை இரவில் மங்கிய விளக்கில் வைத்தபோது, அவை கொசுவுக்கு வைரஸைக் கடத்தக்கூடிய காலம் இரண்டு நாள் நீண்டது. நோய் பரவும் வாய்ப்பு சுமார் 41 சதவீதம் கூடுவதாக அந்த 2019 ஆய்வு கணக்கிட்டது. அந்த நாட்களில் விளக்கால் குருவிகள் கூடுதலாகச் சாகவில்லை. பார்வைக்கு எதுவுமே மாறவில்லை. கழிமுகத்திலும் மாற்றம் அப்படித்தான் வரும்; செத்து மிதக்கும் மீனை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் எதுவும் கண்ணில் படாது.

புழு குறைந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். அவ்வளவு சுலபம் இல்லை. கலிபோர்னியா, பாஹா கலிபோர்னியா கரையின் மூன்று கழிமுகங்களில் எல்லா உயிர்களையும் எடை போட்டு 2008-இல் ஒரு கணக்கு வெளியானது. நத்தைகளிலிருந்து ஓராண்டில் நீரில் நீந்த வரும் தட்டைப்புழு லார்வாக்களின் மொத்த எடை, அங்கே வாழும் பறவைகளின் மொத்த எடையைவிட அதிகமாக இருந்தது. அவ்வளவும் சிறுமீனுக்கும் சிப்பிக்கும் தீனியாகப் போகிறது. நத்தையின் பெருக்கத்தை அடக்குவதும், பறவைக்கு இரையை எளிதாக்குவதும் இதே புழுக்கள்தான். பறவையும் நத்தையும் மீனும் செழிப்பாக இருக்கும் கழிமுகத்தில்தான் வகைவகையான புழு இருக்கும். எண்ணூர் நத்தைகளில் புழுவே இல்லை என்று ஒருநாள் தெரியவந்தால், நான் சந்தோஷப்பட மாட்டேன்.

சட்டத்தின் பக்கம் சொல்ல அதிகம் இல்லை. 1974-இன் நீர்ச் சட்டமும் 1981-இன் காற்றுச் சட்டமும் நம்மிடம் உண்டு. இரைச்சலைக் காற்று மாசு வரையறைக்குள் 1987 திருத்தத்தில் சேர்த்தார்கள். 2000-இல் அதற்கென்று தனி விதிகளும் வந்தன. வெளிச்சத்துக்கு அப்படி எதுவும் இல்லை. பிரான்ஸ் 2018 டிசம்பர் ஆணையில், நீர்நிலைகள் மேலும் கடலோரத்தின் மேலும் நேரடியாக விளக்கடிப்பதைக் கட்டுப்படுத்தி, துறைமுகப் பணிக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் விலக்கு கொடுத்தது. இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2020 பிப்ரவரியில் காந்திநகரில் நடந்த வலசை உயிரினங்களுக்கான உலக மாநாட்டில்தான் கடலாமை, கடற்பறவை, கரையோர வலசைப் பறவைகளுக்கான ஒளி மாசு வழிகாட்டுதல் ஏற்கப்பட்டது. விருந்து வைத்தது நாம்.

இருட்டைப் புகழ்வது என் நோக்கம் இல்லை. எண்ணூர், திருவொற்றியூர் குப்பங்களில் தெருவிளக்குக்காக மனுக்கொடுத்து அலைந்தவர்கள் இருக்கிறார்கள். விடிவதற்கு முன் மீன் கூடையோடு ஏலத்துக்குக் கிளம்பும் பெண்ணிடம் போய் வெளிச்சத்தைக் குறை என்று சொல்வது அயோக்கியத்தனம். ராத்திரியில் ஆற்றில் இறங்கி, வாயில் பறியைக் கடித்துக்கொண்டு கையால் இறால் தடவும் இருளர்களுக்கும் கரையில் ஒரு விளக்கு தேவைதான். பிரச்சினை அந்த விளக்குகளில் இல்லை. நிலக்கரி யார்டையும் கன்டெய்னர் யார்டையும் பார்க்க வைத்த உயர் கோபுர விளக்கு, முகத்தைத் திருப்பி ஆற்றுச் சேற்றையும் அடிப்பதில்தான் இருக்கிறது. யார்டுக்குள் எத்தனை லக்ஸ் வேண்டுமானாலும் இருக்கட்டும். ஆற்றுப் பக்கம் ஒரு தகட்டு மறைப்பு, விளக்கின் முகத்தைக் கீழ்நோக்கித் திருப்புவது, வெள்ளைக்குப் பதில் மஞ்சள் எல்.இ.டி., ஆள் இல்லாத பகுதிக்கு அசைவறிந்து எரியும் சுவிட்ச். ஆலையை மூடச் சொல்வதில்லை, கப்பலை நிறுத்தச் சொல்வதில்லை. எண்ணூர் கேட்டுக்கொண்டிருக்கும் பரிகாரங்களிலேயே மலிவானது இதுவாகத்தான் இருக்கும்.

கேட்பதற்குக் கையில் ஓர் எண் வேண்டும் அல்லவா? அதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. வடசென்னையில் எந்தக் கல்லூரியின் விலங்கியல் துறையும் செய்யலாம். நீர் வற்றும் நேரத்தில், விளக்கு நேராக அடிக்கும் சேற்றிலிருந்தும், அதே ஆற்றில் அலையாத்தி மறைத்து இருட்டாக இருக்கும் சேற்றிலிருந்தும், ஒரே அளவுள்ள கூம்பு நத்தைகளைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நத்தையையும் வடிகட்டிய ஆற்றுநீர் உள்ள தனித்தனி டம்ளரில் போட்டு, பாதியை முழு இருட்டிலும் பாதியை மங்கிய எல்.இ.டி. அடியிலும் ஓர் இரவு வைக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நீரை மாற்றி, எடுத்த நீரைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால், வாலை ஆட்டி நீந்தும் செர்க்கேரியாவை எண்ணிவிடலாம். எந்த மணியில் எத்தனை என்பது தெரிந்துவிடும். கடைசியில் நத்தையை உடைத்துப் பார்த்தால் எத்தனை நத்தையில் புழு என்பதும் தெரியும். இதை அமாவாசைக்கு ஒருமுறை, பௌர்ணமிக்கு ஒருமுறை, மழைமேகம் கவிந்த நாளில் ஒருமுறை செய்ய வேண்டும். வெந்நீர் வந்து விழும் வாய்க்காலை ஒட்டிய நத்தைகளை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் சூடு எது, வெளிச்சம் எது என்று பிரிக்க முடியாது, எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.